நாற்காலியில் பத்தொன்பது நாள்

முப்பத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர் அவர். டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே "ஹார்ட் ஃபெயிலியர்" என்றபோது, அவருக்குத் தெரிந்த ஒரே ஃபெயிலியர்தான் நினைவுக்கு வந்தது. பிரேக் ஃபெயிலியர். போனால் போனதுதான். வேறெதுவும் கேட்காமல் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். அசையாமல் இருந்தால் நெஞ்சு இன்னும் சில நாள் தாங்கும் என்று நினைப்பு. நடப்பதில்லை, குளிப்பதில்லை. தூக்கமும் அதே நாற்காலியில்தான். நீர் மாத்திரை போட்டால் அடிக்கடி கழிவறைக்கு எழ வேண்டியிருந்தது, அதையும் நிறுத்திவிட்டார். பயமெல்லாம் முதல் இரண்டு நாளோடு சரி. பிறகு உடம்பு வேறு யாருடையதோ போலிருந்தது.

கூட இருந்தது தங்கை மட்டும்தான். கணவரை இழந்தபின் அண்ணனோடு வந்துவிட்டவர். கேட்டதற்கெல்லாம் "ஒண்ணுமில்ல" என்றார் அண்ணன். பத்தொன்பதாம் நாள் நாற்காலிக்கடியில் பெருக்கக் குனிந்த தங்கை, அவர் காலைப் பார்த்தார். விரலால் அழுத்தினார். விழுந்த பள்ளம் மேலே எழவில்லை.

"என்னண்ணா இது, மாவுல கைய வச்ச மாதிரி?"

"இருக்கட்டும், விடு."

"நீ விடுவ. அப்புறம் தனியா கெடந்து அல்லாடுறது நான்தானே!"

அன்றே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். ஊசி போட்ட நர்ஸ், "மாத்திரைய ஏன் நிறுத்துனீங்கய்யா?" என்றார்.

"ஃபெயிலியர் ஆன நெஞ்சுக்கு மாத்திரை எதுக்கும்மா?"

நர்ஸ் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன வேலை பாத்தீங்க?"

"பஸ் டிரைவர்."

"மேட்டுல புல்லிங் இல்லாத வண்டி ஓட்டியிருக்கீங்களா?"

"ஓட்டாம? பாதி சர்வீஸ் அந்த மாதிரி வண்டியிலதான் போச்சு."

"உங்க நெஞ்சும் அப்படித்தான். நிக்கப் போகுதுன்னு அர்த்தமில்ல, இழுவை கொறஞ்சிருக்கு. மாத்திரைய விடாதீங்க. உப்பக் கொறைங்க. மெதுவா நடங்க."

"எத்தன நாள் ஓடும்?"

"அது எனக்குத் தெரியாதுங்கய்யா. வருஷக்கணக்கா வந்து போறவங்க இருக்காங்க."

தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் தனக்குள் நிம்மதி வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. துக்கமும் இல்லை. சுவரில் மின்விசிறியின் ரெகுலேட்டர் மூன்றில் இருந்தது.

ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது. தங்கை தெருமுனைவரை நடத்திக் கூட்டிப்போனார். நாலு வீட்டுக்கு ஒருமுறை நின்றார்கள்.

"போதுமா, திரும்பிடலாமா?"

போதுமா என்று அவருக்குத் தெரியவில்லை.

"உனக்குக் கால் வலிக்கலேன்னா இன்னும் கொஞ்சம் போலாம்" என்றார்.