சோபா விழுங்கிய ஃபோன்

எட்டாவது மாடி வீட்டுக்குச் சோபாவைத் தூக்கப் போனபோது எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது வீட்டு அம்மா. வீட்டில் ஏதோ சரியில்லை என்று அப்போதே புரிந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே சோபாவுக்குத் துணி மாற்றியதும் நான்தான். அப்போது அந்த அம்மா ஒரு டம்ளரைத் தொட்டு நான் பார்த்ததில்லை. சமையல் அக்காதான் டீ கொண்டுவருவார். "சர்க்கரை போதுமாண்ணே?" என்று கேட்டுவிட்டு, நான் ஒரு வாய் குடிக்கும் வரை நிற்பார்.

"சமையல் அக்கா லீவா மேடம்?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"லீவா? அவளைத் துரத்தி மூணு வாரம் ஆச்சு. சாரோட ஃபோனைத் தூக்கிட்டா. பதினோரு வருஷம் எங்க உப்பைத் தின்னவ."

பதினோரு வருஷமாக அந்த வீட்டில் எல்லாரும் தின்ற உப்பை அளந்து போட்டதே அந்த அக்காதான். யார் உப்பை யார் தின்றார்கள் என்று ஆராய்ந்தால் இவர்களுக்குத்தான் சங்கடம். ஆனால் வேலைக்குப் போன இடத்தில் நமக்கு எதற்கு வம்பு? தண்ணீரைக் குடித்தேன்.

சார் அந்தக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். ஆறு கட்டடத்துக்கும் அவர் வைத்ததுதான் சட்டம். லிஃப்டில் சாமான் ஏற்றக் கூடாது என்று பலகை எழுதி, கீழே தன் பெயரையும் பதவியையும் போட்டு மாட்டியிருக்கிறார். அதனால் மூன்று பேர் உட்காரும் சோபாவை நானும் வண்டிக்காரரும் எட்டு மாடி படியில் இறக்க வேண்டும். அதற்கு முன்னால் அவர் தன் புது ஃபோனை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"பார்த்தீங்களா? அன்னைக்கே குரூப்ல போட்டுட்டேன். இனிமே ஆறு கட்டடத்துலயும் எவனும் இவளை கேட்டுக்கு உள்ள விடமாட்டான்."

படத்தில் சமையல் அக்கா கையில் கரண்டியோடு சிரித்துக்கொண்டிருந்தார். ஏதோ பிறந்தநாளுக்கு எடுத்த படம். பக்கத்தில் நின்ற ஆட்களை வெட்டியிருந்தார்கள். தோளில் மட்டும் யாருடைய கையோ மிச்சம் இருந்தது. "எச்சரிக்கை. இந்தப் பெண்ணை யாரும் வேலைக்கு வைக்க வேண்டாம்" என்று கீழே எழுதியிருந்தது. அதற்கு நாற்பது பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள்.

"அவங்க எடுத்ததை யாராவது பார்த்தாங்களா சார்?"

"அடிச்சுப் பார்த்தா ஸ்விட்ச் ஆஃப். வீட்ல நாங்க ரெண்டு பேர், அவ ஒருத்தி. வேற யார் எடுப்பா? நானா என் ஃபோனைத் திருடுவேன்?" என்று கேட்டுவிட்டு, தன் புத்திசாலித்தனத்தைத் தானே ரசித்துக்கொண்டார்.

சோபாவைப் பட்டறைக்குக் கொண்டுவந்தோம். அதில் ரிப்பேர் ஒன்றும் இல்லை. சுவருக்குப் புதுசாகப் பச்சைப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், பழைய துணி அதற்கு எடுப்பாக இல்லையாம். சனிக்கிழமை அந்த அம்மாவின் அண்ணன் குடும்பத்தோடு வெளிநாட்டிலிருந்து வருகிறார். அதற்குள் சோபா சுவருக்குப் பொருந்தியாக வேண்டும். பெரிய மனிதர்களின் கவலைகளும் பெரிசாகத்தான் இருக்கின்றன.

ஒரு வீட்டின் லட்சணத்தை அதன் சோபாவைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். ஹேர்பின், பேனா மூடி, ஒற்றைச் சாக்ஸ், பாதி தின்ற பிஸ்கட் எல்லாம் வரும். ஒருமுறை ஒரு டாக்டர் வீட்டுச் சோபாவில் ஒரு பல் செட்டே கிடைத்தது. திருப்பிக் கொடுத்தபோது அது எங்கள் வீட்டுப் பல்லே இல்லை என்று சாதித்தார்கள். செயலாளர் வீட்டுச் சோபாவில் சீப்பு ஒன்று, மாத்திரை அட்டை ஒன்று, அப்புறம் நீல உறை போட்ட ஒரு ஃபோன்.

அது கிடந்த இடத்தைப் பார்த்ததும் எனக்குக் காது சுட்டது.

உட்காரும் இடமும் சாய்மானமும் சேரும் மடிப்பில், உள்ளே ஒரு பட்டைத் துணி தைக்க வேண்டும். வெளியே தெரியாது. மேலேயிருந்து எது நழுவினாலும் அந்தத் துணியில் தங்கும், கையை விட்டால் எடுத்துவிடலாம். அது இல்லாவிட்டால் பொருள் நேராக அடிச்சட்டத்துக்குள் போய்விடும், தேடுகிற கைக்கு எட்டவே எட்டாது. தைக்க அரைமணி நேரம் ஆகும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் கையில் ஏழு வேலை இருந்தது, ஏழு பேரும் நாளைக்கே வேண்டும் என்று குதித்தார்கள். யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். இருபத்தாறு வருஷத் தொழில் அனுபவம் என்று பட்டறை வாசலில் எழுதி வைத்திருக்கும் நான்தான் விட்டேன்.

ஃபோனை சார்ஜில் போட்டேன். உயிர் வந்தது. செயலாளர் கறுப்புக் கண்ணாடியோடு திரையில் தோன்றினார். உடனே அணைத்து, ஆணி வைக்கும் டிராயரில் போட்டுப் பூட்டினேன்.

உடனே எடுத்துக்கொண்டு ஓடினேன் என்று சொல்ல ஆசைதான். இரண்டு நாள் அது டிராயரில் கிடந்தது. அந்த ஆறு கட்டடத்திலிருந்துதான் என் வேலையில் பாதி வருகிறது. எப்படி உள்ளே போச்சு என்று கேட்டால் என்ன சொல்வது? சாலையில் கிடந்தது என்று சொல்லலாமா, படியில் கிடந்தது என்று சொல்லலாமா என்று விதவிதமாக யோசித்தேன். அக்காவின் முகம் நினைவுக்கு வந்தபோதெல்லாம் ரெக்ஸினைச் சத்தமாகக் கிழித்தேன்.

மூன்றாம் நாள் காலையில் ஆணி தேடி வந்த என் வீட்டுக்காரி டிராயரைத் திறந்துவிட்டாள். அவளிடம் பொய் சொல்லும் திறமை எனக்கு இன்றுவரை கைகூடவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அந்தம்மா திருடின்னு பேர் வாங்கிட்டு வீட்ல உக்காந்திருக்கு. நீங்க அவங்க பேரை டிராயர்ல பூட்டி வெச்சிருக்கீங்க."

"கொண்டுபோய்க் குடுக்கத்தான் போறேன். சமயம் பார்த்துட்டு இருக்கேன்."

"சமயமா? நல்ல நாள் வேற பார்க்கணுமா? சட்டையை மாட்டுங்க."

மாட்டினேன்.

எட்டாவது மாடியில் செயலாளரும் அவர் மனைவியும் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். பச்சைச் சுவர் பின்னால் ஜொலித்தது. ஃபோனை நீட்டினேன். சோபாவுக்குள் இருந்தது என்றேன்.

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். செயலாளர் ஃபோனை ஒரு காகிதத்தால் துடைத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார், கீறல் இருக்கிறதா என்று. முகத்துக்கு நேரே பிடித்தார். அது திறக்கவில்லை. ஒருவேளை அதற்கும் அவரை அடையாளம் கண்டுகொள்ள வெட்கமாக இருந்திருக்கலாம். எண்ணைப் போட்டுத் திறந்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உள்ள எதையும் பார்க்கலையே?"

"உங்க மூஞ்சியைத் தவிர எதையும் பார்க்கலை சார்."

நன்றி என்ற சொல் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, வரவும் இல்லை. சிறிது நேரம் தாடையைத் தடவியபடி யோசித்தார். முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"பார்த்தியா, எவ்வளவு கெட்டிக்காரி!" என்றார் மனைவியிடம். "சோபாவுக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கா. அப்புறமா வந்து எடுத்துக்கலாம்னு. நாம முந்திக்கிட்டோம்."

"நாமதான் சோபாவுல தேடவே இல்லையோ?" என்றார் அந்த அம்மா மெதுவாக.

"ஏன் தேடலை? நானே கையை விட்டுத் துழாவினேன். ஒண்ணும் இல்லை. சோபா நாலு பக்கமும் மூடியிருக்கு. தானா எப்படி உள்ள போகும்?" என்னிடம் திரும்பினார். "நீங்க தொழில் தெரிஞ்சவர். நீங்களே சொல்லுங்க. ஃபோன் தானா உள்ள போகுமா?"

இதைக் கேட்பார் என்றுதான் இரண்டு நாள் டிராயரைப் பூட்டி வைத்திருந்தேன். போகாது சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். செயலாளர் சந்தோஷமாக இருப்பார், நானும் ஆறு கட்டடத்துக்கும் சோபா தைத்துக்கொண்டே இருக்கலாம். அந்த அக்கா மட்டும் சாகும்வரை கெட்டிக்காரத் திருடியாக இருப்பார்.

"போகும் சார். நான் தைச்ச சோபாவுல போகும்."

பட்டைத் துணியைப் பற்றிச் சொன்னேன். தைக்க வேண்டியதைத் தைக்காமல் விட்டேன் என்றேன். ஃபோன் கிடைத்து இரண்டு நாள் ஆகிறது, பயந்துபோய் வைத்திருந்தேன் என்றும் சொன்னேன். சொல்லி முடித்ததும் செயலாளர் எழுந்து நின்றார். பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி முகம் பிரகாசித்தது.

"அப்போ தப்பு உங்களோடது! ஒரு ஏழைப் பொம்பளை மேல நாங்க சந்தேகப்படக் காரணமே நீங்கதான்!"

மூன்று வாரத்தில் முதல்முறையாக அந்த அக்கா அவருக்கு ஏழைப் பெண்ணாகத் தெரிந்தார். அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டு, நான் கொண்டுவந்து கொடுத்த அதே ஃபோனில் என்னைப் படம் எடுத்தார். கிடுகிடுவென்று எழுதி, உரக்கப் படித்தார்.

"எச்சரிக்கை. படத்தில் இருக்கும் நபர் சோபா வேலையை ஒழுங்காகச் செய்யாததால் என் ஃபோன் சோபாவுக்குள் விழுந்துவிட்டது. இவருக்கு யாரும் வேலை தர வேண்டாம்."

"சரி சார். என் தப்பு, போடுங்க. சமையல் அக்கா பேர் எங்க?"

"அதான் சோபாவுக்குள்ள விழுந்துச்சுன்னு போட்டிருக்கே. படிக்கிறவங்க புரிஞ்சுக்குவாங்க."

"திருடின்னு படம் போட்டுத்தானே சொன்னீங்க? இல்லைங்கிறதை மட்டும் அவங்களா புரிஞ்சுக்கணுமா?"

"எனக்கே பாடம் எடுக்கறீங்களா? நீங்க கிளம்பலாம்."

"கிளம்பறேன். உங்க சோபா என் பட்டறையில வெறும் எலும்பா நிக்குது. அந்த ரெண்டு வரியை எழுதாம அது ஒரு இஞ்ச் நகராது. சனிக்கிழமை மச்சானை இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில உக்கார வெச்சு உபசாரம் பண்ணுங்க."

அவர் வாய் திறக்கும் முன் அந்த அம்மா திறந்தார். "எழுதிடுங்க" என்றார். அக்காவுக்காகச் சொன்னாரா, அண்ணனுக்காகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

செயலாளர் முதலில், எடுத்ததாகத் தெரியவில்லை என்று எழுதினார். எடுக்கவில்லை என்று எழுதுங்கள் என்றேன். தவறு நேர்ந்துவிட்டது என்று எழுதினார். நாங்கள் தவறாகப் பழி போட்டோம் என்று எழுதுங்கள் என்றேன். சொந்தப் பல்லைப் பிடுங்கிக் கொடுப்பவர் போல ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். பக்கத்தில் நின்று அது குரூப்பில் போவதைப் பார்த்தேன். அந்த அம்மாவிடம் கேட்டு அதை என் ஃபோனுக்கும் அனுப்பச் சொன்னேன், அக்காவின் எண்ணையும் வாங்கிக்கொண்டேன்.

கீழே கேட்டைத் தாண்டுவதற்குள் நான்காவது மாடியிலிருந்து ஒருவர் அழைத்து, நாற்காலி வேலை இப்போதைக்கு வேண்டாம் என்றார். போகட்டும். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிழைப்பை விட்டுக்கொடுத்து ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம், அந்த அக்கா அழுதுகொண்டே நன்றி சொல்லப் போகிறார் என்றுதான் எண்ணை அழுத்தினேன். இப்படிப்பட்ட எண்ணம் வருகிறவனைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அக்கா எடுத்தார். யார் பேசுகிறேன் என்று சொல்லி, ஃபோன் கிடைத்ததையும், பட்டைத் துணியையும், இரண்டு நாளையும், குரூப்பில் எழுதியதையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன்.

"எடுக்கலைன்னு எழுதியிருக்காங்களா?"

"ஆமாக்கா. அப்படியே எழுதியிருக்காங்க. என்கிட்ட இருக்கு, உங்களுக்கு அனுப்பட்டுமா?"

"எனக்கு எதுக்குண்ணே? நான் எடுக்கலைன்னு எனக்குத் தெரியாதா? என் பொண்ணு நம்பர் தரேன், அவளுக்கு அனுப்புங்க."

"சரிக்கா."

"மூணு வாரமா ஊரே திருடின்னு சொன்னப்ப எல்லாம் அவ எனக்காகச் சண்டை போட்டா. நேத்துதான் பக்கத்துல வந்து உக்காந்தா. ஃபோனை எங்க வெச்சிருக்கே, சொல்லிடும்மா, நான் கொண்டுபோய்க் குடுத்துடறேன், யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சொன்னா."

நேற்று அந்த ஃபோன் என் டிராயரில் ஆணிகளோடு கிடந்தது. அக்கா திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மகளின் எண்ணை ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார், சரியாகக் குறித்துக்கொண்டேனா என்று ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொன்னார், வைத்துவிட்டார். கேட்டுக்கு வெளியே நின்று, குரூப்பில் வந்த அந்த எச்சரிக்கையை, என் படத்தை வெட்டாமல், அப்படியே அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன்.