கம்பியில் தங்கிய அட்டைகள்

1.

கதையின் நாள்: 1974 ஆகஸ்ட் 19, திங்கட்கிழமை. போர்ட் பிளேரில் விடாத மழை, கடல் கொந்தளிப்பு.

இக்கதை பிறந்த இடத்தை மறைக்க நான் விரும்பவில்லை. என் கணினியின் தரவுத்தளம் வினாக்களை எந்த முறைப்படி படிக்க வேண்டும் என்னும் அமைப்பை ஒருநாள் மாற்றினேன். பழைய வினாக்கள் பிழை என்று கூச்சலிடவில்லை; அடக்கமாகத் தவறான விடை தந்தன. அந்த அடக்கம் என்னை அச்சுறுத்தியது. அதைக் கணினி இல்லாத காலத்துக்குக் கொண்டு செல்கிறேன்.

2.

குடியேற்ற அலுவலகம் ஒன்றில் குடும்பத்துக்கு ஓர் அட்டை, விளிம்பெங்கும் துளைகள். குடும்பம் கப்பலுக்குக் காத்திருக்கிறது எனில், எழுத்தர் பக்தவத்சலம் அதற்குரிய துளையை விளிம்புவரை வெட்டுவார். அடுக்கில் கம்பியைச் செருகித் தூக்கினால் வெட்டிய அட்டைகள் விழும். அவர்களுக்கே குடியேறும் தீவுக்குப் போகும் கப்பலில் இடம்.

மெயின்லேண்டிலிருந்து, அதாவது இந்தியப் பெருநிலத்திலிருந்து, புது விதி வந்தது: இனி, வெட்டு இருந்தால் ‘அனுப்பியாயிற்று’, கம்பியில் தங்குவோரே காத்திருப்போர். பக்தவத்சலம் புது விதியைப் பின்பற்றினார். அட்டைகளோ பழைய விதிப்படி வெட்டப்பட்டவை.

[அவரைச் சோம்பேறி என்று முதலில் எழுதினேன், அடித்துவிட்டேன். அதிகாரி அன்றே பட்டியல் கேட்டதால் புது அட்டைகள் வெட்ட நேரமில்லை.]

3.

மரகதம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். முன்னரே கச்சால் தீவுக்குப் போன தங்கை அலமு, கைக்குழந்தையோடு காய்ச்சலில் கிடப்பதாகச் சேதி வந்திருந்தது. பட்டியல் வாசித்து முடிந்ததும் மரகதம் பக்தவத்சலத்தின் மேசைக்கு வந்தாள்.

“எங்க பேர வாசிக்கலீங்களே, ஐயா?”

“நீங்க ஏற்கெனவே கச்சால் போயிட்டீங்கம்மா. அட்டை விழுந்துடுச்சே.”

“அப்ப இங்க நனைஞ்சுகிட்டு நிக்கிறது யாருங்க?”

தட்டச்சர் சாகுல் ஹமீது தாம் அடித்த பட்டியலைப் பார்த்து வெடித்துச் சிரித்தார். “அரே பக்தா பாய், போனவங்களுக்கே மறுபடி டிக்கெட்டா? கமால் ஹே, அதிசயந்தான்!”

பக்தவத்சலம் சிரிக்கவில்லை. கீழே கிடந்த அட்டைகளைக் கண்டதும், காத்திருப்போர் அவர்களே என்பது அவருக்கு விளங்கிவிட்டது. பட்டியலில் அதிகாரி கையெழுத்திட்டாயிற்று. தவறைச் சொன்னால் பக்தவத்சலத்தின் தற்காலிக வேலை நிலைக்காது. அடுத்த கப்பல் எப்போது என்பது துறைமுகத்துக்கே தெரியாது.

4.

முதல் முடிவு: அவர் மழையில் அதிகாரியிடம் ஓடுகிறார். [இது என் ஆசை, அவருடைய இயல்பன்று.]

இரண்டாம் முடிவு: “அடுத்த கப்பல்ல பாக்கலாம்மா” என்று சொல்லிவிட்டு, பக்தவத்சலம் அவள் முகத்தைப்

இவ்வாக்கியத்தை என்னால் முடிக்க இயலவில்லை. மூன்றாம் முடிவை நீங்கள் எழுதுங்கள். அவரைப் பேச வைத்தாலும் சரி, வாய்மூட வைத்தாலும் சரி. ஏற்கெனவே போய்ச் சேர்ந்தவர்களுக்காக ஒதுக்கிய இடங்கள் புறப்படும் நேரம் நெருங்கும்வரை கப்பலில் வெறுமையாகக் கிடந்தன. அவற்றுள் ஒன்றிலேனும் மரகதம் அமர்ந்திருந்தாளா என்பதை நான் பார்க்கவில்லை. கப்பலின் கயிறு அவிழ்ந்ததை மட்டும் பார்த்தேன். அப்போது மாலை நான்கு மணி முப்பத்தைந்து நிமிடம்.