கேட்டால்தான் துடக்கு

குறிகாட்டுவான் துறையடியில் பஸ் ஏறி யன்னலோரம் இருந்த பிறகும் பரமலிங்கம் மாஸ்டரின் கண் துறையை விட்டு அகலவில்லை. யாழ்ப்பாணத்தில் புதிதாகத் தொடங்கிய பல்கலைக்கழக வளாகத்தில் மெய்யியல் விரிவுரையாளர் பதவிக்கு இன்று நேர்முகம். புங்குடுதீவில் சைவசமயமும் அளவையியலும் படிப்பித்தே தலை நரைத்தவர். வயதெல்லை இந்த வருடத்தோடு முடிகிறது. இதை விட்டால் இனி இல்லை.

கடல் தாண்டி நெடுந்தீவில் தாய் படுக்கையில் கிடந்தார். சாவு எப்போது நடந்தாலும் அது காதில் விழுந்த பிறகுதான் துடக்கு என்கிற தீட்டு. வகுப்பில் இதை எத்தனை தரம் சொல்லிக்கொடுத்திருப்பார். காதில் விழுந்துவிட்டால் ஒரே மகன் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கொள்ளி வைக்க ஓடவேண்டும். அதனால் விடிந்ததிலிருந்து மனிதர் நெடுந்தீவுக்காரர் ஒருவர் கண்ணிலும் படாமல் ஒளித்துத் திரிந்தார். சைவசமய ஆசிரியருக்கு நல்ல அழகு.

டிரைவர் தேநீர் குடிக்கப் போயிருந்தார். அப்போதுதான் துறையில் சந்தியோகுவின் வள்ளம் வந்து நின்றது. தாய்வீட்டுக்குப் பக்கத்து வளவுக்காரர். எப்போது வந்தாலும், தாய் படுக்கையில் இருந்தபடியே சொல்லிக் கொடுத்துவிடும் தயிர்ச்சட்டியோடுதான் வருவார். இன்று வெறுங்கையோடு நேரே பஸ்ஸை நோக்கி நடந்து வந்தார்.

"மாஸ்டர்."

"சந்தியோகு, நான் நேர்முகத்துக்குப் போறன். என்னவெண்டாலும் பின்னேரம் வந்து கேக்கிறன்."

சந்தியோகு யன்னலடிக்குக் கிட்ட வந்தார். வேதக்காரர், மாதாகோயிலுக்குப் போகிறவர்தான், ஆனால் சைவர்களின் துடக்கு தெரியாதவரல்ல.

"இப்ப சொல்லக்கூடாதோ?"

"சொல்லாதையும்."

"சரி மாஸ்டர். நான் ஒண்டும் சொல்லேல்லை."

மாஸ்டருக்கு ஒரு கணம் ஆறுதலாக இருந்தது. சொல்லவில்லை, ஆகவே கேட்கவில்லை. ஆனால் காட்சி, கருதல், உரை என்று அறிவு வரும் வழிகளைக் கரும்பலகையில் எழுதி, புகையைக் கண்டால் நெருப்பைக் கருதிக்கொள் என்று விளக்கியவரும் இவர்தானே. உரையின் வாயை அடைத்துவிட்டார். கருதலை என்ன செய்வது? தன்மேலேயே அருவருப்பு வந்தது. எழுந்தார். திரும்பவும் இருந்தார். டிரைவர் ஏறி எஞ்சினை முடுக்கினார்.

மாஸ்டர் யன்னலால் தலையை நீட்டினார்.

"பின்னேரம் வரைக்கும் அம்மாவை எடுக்காமல் வைச்சிருப்பினமோ?"

கேட்ட பிறகுதான், தான் கேட்டது என்னவென்று அவருக்கு உறைத்தது. சந்தியோகு துறைப்பக்கம் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால், துறையில், இரண்டு பேர் வள்ளத்தைக் கட்டாமல் இடுப்பளவு தண்ணீரில் பிடித்துக்கொண்டு நின்று, பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.