பஞ்சுவின் சிரிப்பு

எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டால் அது பஞ்சுவாகத்தான் இருக்கும். பொமரேனியன் நாய். உடம்பு தலையணை அளவுதான், அதிகாரம் மாமியாருக்கு மேல். லிஃப்ட் பழுது பார்க்கும் என் வீட்டுக்காரர் சாயங்காலம் கிரீஸ் வாசனையோடு படியேறும்போதே கதவடிக்கு ஓடிவிடும். கழுத்தை நீட்டி, வாத்து கத்துவதுபோல ஒரு சத்தம் போடும். "பாரு, எம் பொண்ணு சிரிக்கிறா" என்பார். மகள் கல்யாணமாகி வெளிநாடு போனபின் எங்கள் பேச்சு பால், கரண்ட் பில் என்று சுருங்கிவிட்டிருந்தது. அந்தச் சிரிப்புக்காகவே கழுத்துப்பட்டையைச் செல்லமாக ஓர் இழுப்பு இழுப்பார். அது இன்னும் சிரிக்கும். திரைச்சீலை தைத்துக்கொண்டிருக்கும் நானும் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்பேன்.

நேற்று அந்தச் சிரிப்பு நிற்கவே இல்லை. நாக்கு நாவற்பழ நிறத்துக்குப் போனது. அள்ளிக்கொண்டு ஓடினோம்.

டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். மூச்சுக்குழாய் ஓரிடத்தில், நனைந்த காகிதக் குழல் மாதிரி அமுங்கியிருந்தது.

"இந்த மாதிரி சின்ன நாய்ங்களுக்கு வர்றதுதான். மருந்து தர்றேன். கழுத்துல பட்டை வேணாம், நெஞ்சுப்பட்டை போடுங்க. எடை ஏற விடாதீங்க. முக்கியமா, ரொம்ப குஷியாக விடாதீங்க. அப்பதான் இந்த இருமல் வரும்."

"இருமலா?" என்றார் இவர்.

"வேற என்னன்னு நினைச்சீங்க?"

பட்டையைக் கழற்றிய இடத்தில் முடி படிந்து கிடந்தது. அவர் அதையே விரலால் நீவிக்கொண்டிருந்தார். எனக்கு அவரைத் திட்டவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது.

இன்று காலை கிளம்பும்போது சொன்னார்: "நான் வரும்போது அதைப் பார்க்க மாட்டேன். நீயும் எங்கிட்ட பேசாத. யாரோ வந்த மாதிரி இருக்கட்டும்."

அதில் எங்களுக்கு நல்ல பழக்கம் உண்டு.

சாயங்காலம் கூடம் முழுக்க வெள்ளை வலைத்துணி விரிந்து கிடந்தது. ஜன்னல் வெளிச்சம் அதில் இறங்கி, அறையே பாலில் மிதப்பதுபோல இருந்தது. துணிக்கடியில், என் மடியோரம் பஞ்சு தூங்கியது. மாடிப்படியில் காலடி கேட்டது. வழக்கமான தடதடப்பு இல்லை, பூனை மாதிரி ஒவ்வொரு படியாக. பஞ்சுவின் காதுகள் நிமிர்ந்தன. அதன் நெஞ்சில் கையை வைத்து அணைத்துக்கொண்டேன். ஐயோ, சிரித்துவிடாதே என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அவர் உள்ளே வந்தார். எங்களைப் பார்க்கவில்லை. துணியின் அந்தக் கோடியில், சுவரைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்தார். என் உள்ளங்கைக்குள் அந்தச் சின்ன இதயம் படபடத்து, மெல்ல மெல்ல அடங்கியது.

"மூச்சு சீராயிடுச்சா?" என்று சுவரிடம் கேட்டார்.

"ம்."

பிறகு, திரும்பாமலே, "நீ சாப்ட்டியா?" என்றார்.

இதைக் கேட்டு எத்தனை காலமாயிற்று. துணிக்கடியில் பஞ்சு வாலை ஆட்டத் தொடங்கியது. அந்த அசைவு வெள்ளைத் துணி நெடுக அலையலையாய்ப் போய், அவர் முழங்காலில் முட்டி நின்றது.