ஈரத் துண்டு

பெரிய சலவை நிலையம் ஒன்றில் போர்வை மடிக்கிறவளுக்குப் 'பூசணி' என்று பெயர். கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்புவாள். போன வருட மருத்துவப் பரிசோதனையில்தான் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எடை மெஷின் பக்கத்தில் நின்று நர்ஸ் எண்ணைக் கூவ, கோடியில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவர் எழுதிக்கொண்டார். அவள் எண்ணைக் கேட்டு இஸ்திரிப் பகுதியே கைதட்டியது. ரத்தம் கொடுக்காமலே ஓடிவந்துவிட்டாள்.

இந்த வருடம் ஓட முடியாது. கொஞ்ச நாளாகத் தலை சுற்றுகிறது, தாகம் அடங்குவதில்லை. அம்மாவைக் கொண்டுபோன சர்க்கரை தனக்கும் வந்துவிட்டதோ என்று பயம். எடை பார்த்த பிறகுதான் ரத்தம் எடுப்பார்கள்.

உடை மாற்றும் அறைக்குள் போய்த் தோட்டைக் கழற்றினாள், வளையலைக் கழற்றினாள், கொண்டை ஊசியைக்கூட விட்டுவைக்கவில்லை. திரைக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் சத்தம். எட்டிப் பார்த்தால், துவைக்கிற மெஷினைக் கவனிக்கும் 'குச்சி' இடுப்பைச் சுற்றி ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அடியே, என்னடி பண்றே?"

"கத்தாதேக்கா! ஈரத் துண்டு நல்ல கனம். போன தடவை என் எடையைக் கேட்டுட்டு, 'பறந்துடப் போறா, ஜன்னலைச் சாத்துங்க'ன்னாங்க. வீட்டுக்குப் போய் அழுதேன்."

பூசணி தினமும் வயிறெரிந்து பார்த்த இடுப்பு அது.

"நீ ஏன்க்கா எல்லாத்தையும் கழட்டுறே? பல்லு ஒண்ணுதான் பாக்கி."

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பூசணி அந்தத் துண்டை அவிழ்த்துப் போட்டாள். "வா, சேர்ந்தே ஏறுவோம். யார் எடை எவ்வளவுன்னு அவங்களே கண்டுபிடிக்கட்டும்."

கைகோத்து ஏறினார்கள். கூவ வாயைத் திறந்த நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். ஒருத்திக்கு மூளிக் காது. இன்னொருத்தியின் சட்டையில் தண்ணீர் சொட்டுகிறது. திறந்த வாயை மூடிக்கொண்டாள். ஆண்டவன் நல்ல புத்தியைக் கொடுக்க அரை நிமிடம் போதும்.

"ஒவ்வொருத்தரா ஏறுங்கம்மா" என்றவள், மேஜைக்காரரின் பேனாவை வாங்கிவந்து தானே பார்த்துத் தானே எழுதினாள். காதைத் தீட்டிக்கொண்டிருந்த இஸ்திரிப் பகுதி ஏமாந்துபோனது. அன்று யாருடைய எண்ணும் வெளியே கேட்கவில்லை.

பூசணிக்குச் சர்க்கரை இருக்கத்தான் செய்தது. இப்போதே பார்த்ததால் மாத்திரைக்கு அடங்கும் என்றார்கள். குச்சிக்கு ரத்தம் குறைவாம்.

நிம்மதியில் பூசணி தோட்டை மறந்தே போனாள். குச்சிதான் தேடி எடுத்துவந்து, அவள் காதில் மாட்டிவிட்டாள்.