நாடி இறங்கிய கதை

தினமும் காலையில் நான் விரல் வைத்து எண்ணும் என் வீட்டுக்காரருடைய நாடித்துடிப்பு வாரத்துக்கு வாரம் இறங்கிக்கொண்டே வந்தது. மாரடைப்பு வந்து மீண்டவருக்கு இது நல்ல சேதிதான். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

என் பிழைப்பு அப்படி. ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளின் தசையை மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவள் நான். சக்கரத்தில் ஓடிய எலியின் கால் தசையில், உயிரணுக்களுக்குச் சக்தி தயாரித்துத் தரும் மைட்டோகாண்ட்ரியா மொய்த்துக் கிடக்கும். சுற்றிலும் புதுசாக ரத்த நுண்குழாய்கள் முளைத்திருக்கும். இதயத்தின் சுபாவம் வேறு. அதன் உயிரணுக்கள் அவ்வளவாகப் பெருகாது; இருப்பவையே கொஞ்சம் நீண்டு தடித்துப் பலமாகும். பலமான இதயம் ஒரே அடியில் நிறைய ரத்தத்தைத் தள்ளிவிட்டு நிதானமாகத் துடிக்கும். ஆனால் கால் மாறாமல் இதயம் மட்டும் மாறிய எலியை நான் இதுவரை பார்த்ததில்லை.

இவர் கால் மாறவே இல்லை. பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவர், இப்போது மருத்துவ விடுப்பு. டாக்டர் சொன்னபடி உடற்பயிற்சி சைக்கிள் வாங்கிப் போட்டோம். தினமும் அறைக்கதவைச் சாத்திக்கொள்வார். கிர்ரென்று சத்தம் கேட்கும். ஈரத் துண்டோடு வெளியே வருவார். ஆனால் மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று, பக்கத்து வீட்டு ஜன்னலை ரசிப்பதுபோல மூச்சு வாங்குவார். தொடை பழையபடி தொளதொளவென்றுதான் இருந்தது.

"அண்ணனையும் எலின்னு நெனச்சிட்டீங்களா அண்ணி?" என்றாள் எங்களோடு இருக்கும் நாத்தனார். "நல்லது நடந்தாக்கூட நம்ப மாட்டீங்களே!"

நம்பவில்லைதான். ஒருநாள் வேலைக்குக் கிளம்புவதுபோலக் கிளம்பி, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அறைக்கதவைத் தள்ளினேன்.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஒரு கையால் பெடலைச் சுற்றிக்கொண்டு, மறு கையில் போன் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் துண்டு நனைக்க ஒரு குவளைத் தண்ணீர்.

"கையில மைட்டோகாண்ட்ரியா வளர்க்கறீங்களோ?" என்றேன். திருட்டு முழி முழித்தார். எனக்குச் சிரிப்புகூட வந்துவிட்டது. அடுத்த நொடி அது நின்றது. மிதிக்கவே இல்லையென்றால் நாடி எப்படி இறங்கியது?

அலமாரியைத் திறந்தேன். இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை, மாதம் முழுவதும் வரவேண்டியது, வாங்கி ஒரு வாரம்தான் ஆகிறது, அட்டையில் பாதிக்கு மேல் காலி.

"தினமும் கூட ரெண்டு போட்டுக்கறேன்," என்றார் தரையைப் பார்த்தபடி. "காலைல நீ கையைப் பிடிக்கறப்போ உன் மூஞ்சியத்தான் பாப்பேன். கொறஞ்சிருந்தா சிரிப்ப."

"தலை சுத்தலையா?"

"சுத்தும். உக்காந்துப்பேன்."

"அதுக்குக் கொஞ்ச நேரம் மிதிச்சிருக்கலாமே!"

"மொத நாள் மிதிச்சேன். நெஞ்சு படபடன்னு அடிக்க ஆரம்பிச்சுது. நெஞ்சு வலி வந்த அன்னிக்கு ஸ்டியரிங்கப் பிடிச்சிட்டிருந்தப்பவும் இப்படித்தான். பஸ் நெறைய ஜனம். சைக்கிள விட்டு எறங்கி மூலைக்கு ஓடிட்டேன், இந்த ரூமுக்குள்ளயே." போனைக் கவிழ்த்து வைத்தார். "சொன்னா நீ நம்பவா போற? படம் போட்டு விளக்குவ."

விளக்கத்தான் வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன். இந்த மனிதரை இத்தனை வாரம் உளவு பார்த்தவள், பயமாக இருக்கிறதா என்று ஒரு தரம் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

டாக்டருக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டவர் பதறிப்போனார். "இப்ப நாடி எவ்வளவுன்னு உடனே பாருங்கம்மா."

நான் கேட்பதற்கு முன்பே இவர் கையை நீட்டினார். என் முகத்தையே பார்த்தார்.

விரல் வைத்தேன். ஒரு துடிப்பு வந்தது. அடுத்தது வர எவ்வளவு நேரம்! இவ்வளவு கீழே அது போகவே கூடாது.

நான் சிரித்தேன்.