உளுந்துமேல் ஏறிய மாருதி

அமிர்தலிங்கத்துக்கு ஒத்தாசை பண்ணலாம் என்றுதான் அவருடைய உளுந்தின்மேல் என் மாருதியை ஏற்றினேன். எங்கள் நன்னிலம் பக்கம் பங்குனி பிறந்துவிட்டால் தார் ரோடுதான் களம். பிடுங்கிய உளுந்துச் செடியைப் பரப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். போகிற வருகிற வண்டிகள் மிதித்துக் கொடுக்கும். இன்னும் காயவில்லை, ஏற்றாதே என்றால் சுற்றிக் கல் வைப்பார்கள். கல் இல்லை. ஏற்றினேன்.

முன்னால் ஒரு தரம், பின்னால் ஒரு தரம், மறுபடி முன்னால். இலவச சேவை. நடுவில் ‘டங் டங்’ என்று ஏதோ இடித்தது. இருபத்து மூன்று வருஷத்து வண்டி. சத்தம் வராவிட்டால்தான் இறங்கிப் பார்க்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் முனகிக்கொண்டே நின்றுவிட்டது. குனிந்து பார்த்தால், முன்சக்கரத்து ஆக்சிலில் பச்சை உளுந்துக்கொடி சடை பின்னியதுபோல் இறுகிக் கிடந்தது. ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வழிந்தது.

“பரவால்லைங்க பாய்” என்றார் அமிர்தலிங்கம். முகம் அப்படிச் சொல்லவில்லை. அவருடைய டிராக்டரிலேயே கயிறு கட்டி, மெக்கானிக் தியாகேசனின் பட்டறைக்கு இழுத்துப் போனோம்.

தொண்ணூற்றைந்தில் குவைத்திலிருந்து லீவில் வந்து வாங்கிய கார். என் மகள் நிலோஃபர் கும்பகோணம் ஆஸ்பத்திரியில் பிறந்து, ஐந்து நாள் பிள்ளையாக இதில்தான் வீடு வந்தாள். இப்போது ஷார்ஜாவிலிருந்து தன் கைப்பிள்ளையோடு வெள்ளிக்கிழமை திருச்சியில் வந்து இறங்குகிறாள். பேரனும் இதில்தான் வீடு வரவேண்டும். நியாயமெல்லாம் கேட்காதீர்கள், பிடிவாதம்.

திங்கட்கிழமை பட்டறைக்குப் போனேன்.

“பார்ட்ஸ் சொல்லிருக்கேன் பாய்.”

செவ்வாய்க்கிழமை, “கும்பகோணத்துல இல்லையாம். தஞ்சாவூர்ல கேட்டிருக்கு” என்றான்.

“தியாகேசா, வெள்ளிக்கிழமைக்குள்ள கெடைக்குமா, கெடைக்காதா?”

“கெடைக்காமப் போயிடுமா பாய்? டீ சாப்பிடுறீங்களா?”

நான் கேட்டது ஆமாவா இல்லையா என்று. கிடைத்தது டீ. புதன்கிழமைக்குள் ஏழு டீ குடித்து, வயிறு மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மகளுக்குப் போன் போட்டேன்.

“அத்தா, ஏசி வண்டி ஒண்ணு பேசிக்கலாமே?”

“இதுலயும் ஏசி இருக்கும்மா.”

“அது வெறும் சத்தம்த்தா. அம்மாகிட்ட குடுங்க.”

அம்மாக்காரி ரசியா பேகம் போனை வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள். என்னவாம் என்று கேட்டால், “அல்லா விட்ட வழி” என்றாள். அல்லா எந்த வழியில் விட்டிருக்கிறான் என்பதைத்தானே மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்!

வியாழக்கிழமை காலையில் தியாகேசன் வேறு ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். என்னுடையது நாலு காலில் நின்றது. சக்கரத்துக்குப் பின்னால் கைவிட்டுத் தடவினேன். புது ரப்பர், வழவழவென்று.

“டேய், மாட்டிட்டியா?”

வண்டிக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது. “வீட்டுல கேளுங்க பாய்.”

வீட்டில் ரசியா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கேட்டேன். கீரையைக் கீழே வைத்தாள்.

“செவ்வாக்கெழமையே ரெடி. நான்தான் சாவியக் குடுக்காதேன்னு சொன்னேன்.”

“வண்டிக்கு என்ன கொறச்சல்?”

“வண்டிக்கு ஒண்ணும் இல்லங்க. ஒங்களுக்குத்தான் கண்ணு தெரியல. அன்னிக்கு உளுந்தச் சுத்திப் பதினோரு கல்லு வச்சிருந்தாரு அமிர்தலிங்கம். அதுல ரெண்டு மேல ஏத்திட்டு, உளுந்து மிதிச்சுக் குடுத்தேன்னு வந்து நிக்கிறீங்க. மூஞ்சிக்கு நேரா சொல்ல ஒருத்தருக்கும் மனசு வரல.”

டங் டங்.

“அப்ப பேரன்?”

“அந்த வண்டியிலதான் வருவான். தியாகேசன் ஓட்டுவான். நீங்க பின்னால ஒக்காந்து புள்ளய மடியில வச்சுக்குங்க.”